கடையின் எண் கடையிடமே இருக்கட்டும்: இணையவழித் தொலைபேசி பற்றி ஒரு பாடம்



ஸ்ரீபெரும்புதூரில் நாற்பது ஆண்டுகளாக மளிகை மொத்த வியாபாரம் செய்து வருபவன் நான். படிப்பு பள்ளி இறுதி வகுப்போடு சரி. கம்ப்யூட்டர், இணையம் என்று எழுத எனக்கு என்ன தகுதி என்று சிலர் நினைக்கலாம். தொலைபேசி விஷயத்தில் கையைச் சுட்டுக்கொண்டவன் என்பதுதான் என் தகுதி. நான் பட்டதைச் சொன்னால் நம் சங்க உறுப்பினர்களில் பத்துப் பேராவது தப்பித்துக்கொள்வார்கள் என்ற எண்ணத்தில் இதை எழுதுகிறேன்.

நான் இழந்தது என்ன?

என் கடையில் ஏழு ஆண்டுகள் ஒரு தம்பி வேலை பார்த்தார். கெட்டிக்காரர், நாணயமானவர். ஒரகடம், வல்லம், சுங்குவார்சத்திரம் பக்கத்துச் சில்லறைக் கடைகள், தொழிலாளர் விடுதிகள், கேன்டீன் ஒப்பந்தக்காரர்கள் ஆகியோரின் ஆர்டர் முழுவதும் அவர் மூலமாகத்தான் வரும். ஆர்டர் எடுத்த கைபேசி அவருடையது, சிம் கார்டும் அவர் பெயரில் வாங்கியது. ‘மாதம் முந்நூறு ரூபாய் ரீசார்ஜ் நாம் கொடுத்துவிடுகிறோம், தனியாக ஒரு போன் எதற்கு?’ என்று நான் கணக்குப் போட்டேன்.

ஒரு சித்திரை மாதம் அவர் விலகிப் போய்ச் சொந்தமாகக் கடை வைத்தார். அதில் தவறு ஒன்றும் இல்லை. நானும் அப்படித்தான் ஒரு மண்டியிலிருந்து வெளியே வந்து கடை வைத்தவன். ஆனால் அடுத்த மாதப் பேரேட்டைப் புரட்டியபோதுதான் முப்பதுக்கும் மேற்பட்ட வாடிக்கைக் கணக்குகள் ஓய்ந்து கிடப்பது தெரிந்தது. ஒரு விடுதிக்காரரை நேரில் பார்த்துக் கேட்டேன். “அண்ணாச்சி, நான் எங்கே மாறினேன்? எப்பவும் போடுற நம்பருக்குத்தானே போட்டேன், சரக்கும் வந்துச்சே!” என்றார். அவர் என்னை விட்டுப் போகவில்லை. என் எண்தான் என்னை விட்டுப் போயிருந்தது. அந்தத் தம்பி மேலும் குற்றம் இல்லை, எண் அவருடையது. கடையின் வாசலை அடுத்தவர் பெயரில் எழுதி வைத்துவிட்டு, உள்ளே நான் கல்லாவில் உட்கார்ந்திருந்தேன்.

அதன் பிறகு ஒரு வாரம் நோட்டுப் போட்டுக் கணக்கெடுத்தேன். கடைக்கு வரும் அழைப்புகளில் எடுக்காமல் விட்டவை எத்தனை, லைன் கிடைக்காமல் போனவை எத்தனை என்று எழுதி வைத்தேன். காலை 7 மணி முதல் 10 மணி வரைதான் நமக்கு ஆர்டர் நேரம். அந்த மூன்று மணி நேரத்தில் தினமும் ஐந்தாறு அழைப்புகள் வீணாகப் போயிருந்தன. அவற்றில் ஓர் அழைப்பு பத்து மூட்டை கோதுமை மாவுக்காகவும் ஐந்து டின் கடுகு எண்ணெய்க்காகவும் வந்திருந்தால்? நம் பகுதியில் வடமாநிலத் தொழிலாளர்கள் தங்கியுள்ள விடுதிகளின் கொள்முதல் எப்படிப்பட்டது என்பது உங்களுக்கே தெரியும்.

போன் செய்த ஊர்

வேடிக்கை என்னவென்றால், நம் ஊர் போன் செய்த ஊர். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கின. 2006-இல் நோக்கியா ஆலையில் கைபேசி உற்பத்தி தொடங்கியது. அது 2014 நவம்பரில் நின்றபோது, தொழிலாளர்களை நம்பியிருந்த நம் கடைகளின் பற்று வரவு என்ன ஆனது என்பதை மறக்க முடியுமா? 2010-இல் ஒரகடத்தில் ரெனோ நிசான் ஆலை வந்தது. இன்று சுங்குவார்சத்திரம் பக்கம் ஐபோன்கள் உருவாகின்றன. உலகத்துக்கே போன் அனுப்பும் சாலையில் கடை வைத்திருக்கும் நமக்கு, நம் கடைக்கு வரும் அழைப்பை ஒழுங்காக எடுக்க வழி தெரியவில்லை.

நம் வயதுக்காரர்களுக்குப் பழைய கஷ்டம் நினைவிருக்கும். தொலைபேசி இணைப்புக்கு எழுதிப் போட்டுவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தோம். வெளியூர் மண்டியில் விலை கேட்க டிரங்க் கால் பதிவு செய்துவிட்டுச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தோம். 1984-இல் தொடங்கப்பட்ட சி-டாட் நிறுவனம், குளிர்சாதன வசதி இல்லாமலே சிற்றூர்களில் ஓடக்கூடிய சிறிய எக்சேஞ்சுகளை உருவாக்கிய பிறகுதான் கிராமங்களுக்குத் தொலைபேசி பரவியது. மஞ்சள் பலகை எஸ்.டி.டி. பூத்துகள் தெருவுக்குத் தெரு வந்தன. இப்போது அந்த பூத்துகளும் இல்லை, அந்தக் காத்திருப்பும் இல்லை. இரண்டொரு நாளில் இணைப்பு கிடைக்கிற காலத்தில்கூட நாம் பையனின் கைபேசியில் வியாபாரம் நடத்துகிறோம் என்றால், குற்றம் நம்முடையதுதான்.

இணையவழித் தொலைபேசி என்றால் என்ன?

நம் தொழில் வழக்கத்திலேயே சொல்கிறேன். பழைய செம்புக் கம்பித் தொலைபேசி, ஒரு மூட்டைக்கு முழு லாரியை வாடகைக்குப் பிடிப்பது போன்றது. நீங்கள் பேசினாலும் பேசாமல் இருந்தாலும் இணைப்பு இருக்கும்வரை அந்த வழி முழுவதும் உங்களுக்கே. இணையவழித் தொலைபேசி பார்சல் ஆபீஸ் போன்றது. உங்கள் பேச்சைச் சின்னச் சின்னச் சிப்பங்களாகக் கட்டி, ஒவ்வொன்றின் மேலும் விலாசம் ஒட்டி, மற்றவர்களின் சரக்கோடு ஒரே வண்டியில் ஏற்றி அனுப்புகிறார்கள். சாதாரணமாக ஒரு நொடிப் பேச்சு 50 சிப்பங்களாகப் போகிறது. எதிர்முனையில் வரிசைப்படி பிரித்து மறுபடியும் ஒலியாக்குகிறார்கள். வண்டியில் மற்றவர்களும் பங்குதாரர்கள் என்பதால்தான் செலவு குறைகிறது.

இதற்கு எவ்வளவு வேகம் வேண்டும்? ஓர் அழைப்புக்குப் போக 100 கிலோபிட், வர 100 கிலோபிட் என்று வைத்துக்கொண்டால் தாராளம். ஒரே நேரத்தில் பத்துப் பேர் பேசினாலும் 1 மெகாபிட்தான். இன்று கிடைக்கும் மிகச் சாதாரண ஃபைபர் இணைப்பிலேயே அதைப்போல் பல மடங்கு வேகம் இருக்கிறது. ஆகவே ‘அதிக வேகத் திட்டம் எடுத்தால்தான் போன் நன்றாகக் கேட்கும்’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சிப்பங்கள் தாமதமில்லாமல், சீராகப் போய்ச் சேர வேண்டும். அதுதான் முக்கியம். பாதிச் சிப்பம் பிந்தி வந்தால் பேச்சு விட்டு விட்டுக் கேட்கும். கடையின் கண்காணிப்பு கேமரா படங்களை இடைவிடாமல் வெளியே அனுப்பிக்கொண்டிருந்தாலும் இப்படி ஆகலாம். முதலில் அதைக் கவனியுங்கள்.

மூன்று வழிகள்

முதல் வழி, ஃபைபர் பெட்டியிலேயே போன். பி.எஸ்.என்.எல்., ஜியோ, ஏர்டெல் போன்ற நிறுவனங்களின் ஃபைபர் இணைப்போடு ஒரு பெட்டி தருவார்கள். அதன் பின்புறம் தொலைபேசி ஒயர் செருகும் சிறிய துளை இருக்கும். வீட்டில் தூசி படிந்து கிடக்கும் பழைய பொத்தான் போனை அதில் செருகினாலே போதும், மணி அடிக்கும். சென்னை வட்டத்து 044 எண் கிடைக்கும். ஆரம்பத் திட்டங்கள் மாதம் சுமார் 400 முதல் 600 ரூபாய்க்குள், வரி தனி. பெரும்பாலான திட்டங்களில் உள்நாட்டுப் பேச்சுக் கட்டணம் அதிலேயே அடங்கிவிடுகிறது. கல்லாவில் ஒரே ஆள் இருக்கும் சில்லறைக் கடைக்கு இது ஒன்றே போதுமானது. இதற்கு மேல் யாராவது விற்க வந்தால் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள்.

இரண்டாம் வழி, கடைக்குள் கிளை இணைப்புகள். கல்லா, கிடங்கு, மாடியில் கணக்குப்பிள்ளை என்று மூன்று நான்கு இடங்களில் போன் தேவைப்படும் மொத்த வியாபாரிகளுக்கு இது பொருந்தும். உரிமம் பெற்ற நிறுவனத்திடம் ‘எஸ்.ஐ.பி. டிரங்க்’ எனப்படும் இணைப்பை வாங்க வேண்டும். ஒரே எண்ணில் ஒரே சமயத்தில் பல பேர் பேசலாம், வெளியில் இருப்பவருக்கு ‘பிஸி’ என்று வராது. இணையக் கம்பியை நேராகச் செருகும் போன் ஒன்று சுமார் 3,000 முதல் 5,000 ரூபாய் வரை ஆகிறது. பழைய போனையே பயன்படுத்த வேண்டுமானால் இடையில் பொருத்தும் சிறு மாற்றுப் பெட்டியும் கிடைக்கிறது. அழைப்பைக் கல்லாவிலிருந்து கிடங்குக்கு மாற்றிக் கொடுக்கலாம்.

மூன்றாம் வழியைக் ‘கிளவுட் டெலிபோனி’ என்கிறார்கள். கடையில் எந்தக் கருவியும் வேண்டாம். ஓர் எண்ணை வாடகைக்குத் தருவார்கள். அதற்கு வரும் அழைப்பு, நீங்கள் சொன்ன வரிசைப்படி உங்கள் ஆட்களின் கைபேசிக்குப் போகும். முதலாமவர் எடுக்காவிட்டால் இரண்டாமவருக்குப் போகும். ‘அரிசிக்கு 1, எண்ணெய்க்கு 2’ என்று குரலும் வைக்கலாம். யார் கூப்பிட்டார், யார் எடுக்கவில்லை என்ற பட்டியல் மாலையில் உங்கள் கைக்கு வந்துவிடும். ஊர் ஊராக விற்பனையாட்கள் வைத்திருப்பவர்களுக்கு இது நல்லது. ஆள் மாறினாலும் எண் மாறாது. வாடகை போக நிமிடத்துக்குத் தனிக் கட்டணம் உண்டா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பேச்சைப் பதிவு செய்யும் வசதியை எடுத்தால், பதிவாகிறது என்பதை வாடிக்கையாளருக்குச் சொல்லிவிடுவதுதான் முறை.

சட்டம் என்ன சொல்கிறது?

இங்கேதான் நான் இரண்டாம் முறை கையைச் சுட்டுக்கொண்டேன். வெளிநாட்டிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர் சின்னப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து, “மாமா, இதைச் செருகினால் போதும், மாத வாடகையே கிடையாது” என்றார். செருகினேன், வேலையும் செய்தது. ஆனால் அதில் வந்த எண் வெளிநாட்டு எண். படப்பையில் இருக்கும் சில்லறைக் கடைக்காரர் என்னைக் கூப்பிட்டால் அவருக்கு வெளிநாட்டுக் கட்டணம்! இங்கே அதற்கு அனுமதியும் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. மறுநாளே கழற்றி வைத்தேன்.

நம் நாட்டில் 2002 ஏப்ரல் 1 முதல் இணையவழிப் பேச்சுக்கு ஓரளவு அனுமதி வந்தது. கணினியிலிருந்து கணினிக்குப் பேசலாம், கணினியிலிருந்து வெளிநாட்டுத் தொலைபேசிக்கும் பேசலாம். ஆனால் உள்நாட்டுச் சாதாரண எண்களுக்கு இணையம் வழியாகப் பேச வழி இல்லை. 2017 அக்டோபரில் டிராய் பரிந்துரை செய்து, 2018 ஜூனில் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்ட பிறகுதான் உரிமம் பெற்ற நிறுவனங்கள் இணைய வழியாக எல்லா எண்களுக்கும் இணைப்புத் தர முடிந்தது. ஆகவே விதி எளிது. எண்ணை உரிமம் பெற்ற இந்திய நிறுவனத்திடமிருந்து, ரசீதோடு வாங்குங்கள். மற்றது எதுவும் வேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கை. கடை மாடியை வாடகைக்குக் கேட்டு, உங்கள் பெயரிலேயே இணைய இணைப்பும் எடுத்துத் தரச் சொல்லும் ஆட்கள் வரலாம். ‘சிம் பாக்ஸ்’ என்ற கருவியில் வரிசையாக சிம் கார்டுகளைப் பொருத்தி, வெளிநாட்டு அழைப்பை உள்ளூர் அழைப்பு போலக் காட்டுவது குற்றம். தமிழ்நாட்டிலும் போலீசார் இப்படிப்பட்டவற்றைப் பிடித்திருக்கிறார்கள். இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான் முதலில் விசாரிப்பார்கள்.

குறைகளையும் சொல்ல வேண்டும்

ஒரு பக்கம் மட்டும் காட்டும் தராசு நம் தொழிலுக்கு அழகல்ல. பழைய லேண்ட்லைனுக்கு மின்சாரம் எக்சேஞ்சிலிருந்தே செம்புக் கம்பி வழியாக வந்தது. ஊரே இருண்டாலும் போன் பேசும். ஃபைபர் என்பது கண்ணாடி இழை, அதில் மின்சாரம் வராது. நம் கடையில் கரண்ட் போனால் பெட்டி அணைந்துவிடும், போனும் செத்துவிடும். இதற்கென்றே கிடைக்கும் சிறிய யு.பி.எஸ். ஒன்றை ஆயிரம் முதல் இரண்டாயிரம் ரூபாய்க்குள் வாங்கிப் பொருத்தினால் சில மணி நேரம் தாங்கும். பில் போடும் கம்ப்யூட்டருக்கு இன்வெர்ட்டர் இருந்தால் அதிலேயே சேர்த்துவிடலாம்.

சாலையைத் தோண்டும்போது இழை அறுந்தால் இணைப்பு போய்விடும். தோண்டாத நாள் எது என்று நம் பகுதியில் யாரும் கேட்கமாட்டீர்கள்! 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரி திறக்கப்பட்டு வெள்ளம் வந்தபோது பல இடங்களில் கைபேசி சேவையே முடங்கியதையும் பார்த்தோம். எனவே எந்த ஒன்றையும் முழுவதுமாக நம்ப வேண்டாம். இணைய இணைப்பு அறுந்தால் அழைப்பு தானாக ஒரு கைபேசிக்குப் போகும் வசதி உண்டா என்று முன்பே கேளுங்கள். அந்தக் கைபேசி எண்ணும் கடையின் பெயரில் இருக்க வேண்டும்.

பூட்டும் முக்கியம். இரண்டாம் வழியில் கருவி வாங்குபவர்கள், அதோடு வரும் கடவுச்சொல்லை அன்றே மாற்றிவிட வேண்டும். மாற்றாவிட்டால் எங்கோ உட்கார்ந்திருக்கும் திருடன் இரவோடு இரவாக உங்கள் இணைப்பில் வெளிநாடுகளுக்குப் பேசி, பில்லை உங்கள் தலையில் கட்டிவிடுவான். ஐ.எஸ்.டி. வசதி தேவையில்லை என்று எழுதிக் கொடுத்து மூடிவிடுங்கள். ஷட்டர் போட்டுவிட்டுப் பூட்டு மாட்டாமல் போவோமா?

தொடங்கும் முறை

1. ஒரு வாரம் நோட்டுப் போட்டு, எந்த நேரத்தில் எத்தனை அழைப்பு வருகிறது, எத்தனை தவறுகிறது என்று எழுதுங்கள். தேவை தெரியாமல் கருவி வாங்கக் கூடாது.

2. உங்கள் தெருவில் எந்த நிறுவனத்தின் ஃபைபர் உண்மையாகவே ஒழுங்காக வருகிறது என்று பக்கத்துக் கடையில் கேளுங்கள். விளம்பரத்தைவிட அண்டைக் கடைக்காரர் வாக்கு மேல்.

3. இணைப்பைக் கடையின் பெயரில், ஜி.எஸ்.டி. பதிவில் உள்ள அதே பெயரிலும் விலாசத்திலும் எடுங்கள். தொலைத்தொடர்புச் சேவைக்கு 18 சதவீத வரி உண்டு. சாதாரணப் பதிவில் இருப்பவர்கள் அதை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். இணக்க முறையில் வரி கட்டுபவர்களுக்கு அது கிடையாது.

4. பழைய லேண்ட்லைன் எண் இருந்தால் அவசரப்பட்டுத் திருப்பிக் கொடுக்காதீர்கள். 2011 முதல் கைபேசி எண்ணை வைத்துக்கொண்டே நாடு முழுவதும் நிறுவனம் மாற முடிகிறது. லேண்ட்லைனுக்கு அப்படி ஒரு வசதி நடைமுறையில் இல்லை. அதே நிறுவனத்தின் ஃபைபருக்கு மாறும்போது பழைய எண்ணையே தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் ஆறு மாதமாவது இரண்டையும் வைத்திருங்கள்.

5. வாட்ஸ்அப் பிசினஸ் கணக்கைக் கடையின் லேண்ட்லைன் எண்ணிலேயே தொடங்கலாம். சரிபார்ப்பு எண்ணைக் குறுஞ்செய்திக்குப் பதில் போன் அழைப்பாகக் கேட்டு வாங்க வேண்டும். அப்படிச் செய்தால் ஆர்டர் சிட்டைகளும் ஆள் கையில் இல்லாமல் கடையின் கையில் இருக்கும்.

6. வங்கிக் கணக்கோடு இணைந்த கைபேசி எண்ணை இவை எதிலும் கலக்காதீர்கள். அது முதலாளியின் சட்டைப்பையில் மட்டும் இருக்கட்டும்.

7. புதிய எண்ணைப் பில் புத்தகம், பலகை, வண்டி, பை என்று எல்லாவற்றிலும் போடுங்கள். லேண்ட்லைனிலிருந்து கைபேசியைக் கூப்பிட 2021 ஜனவரி 15 முதல் முன்னால் 0 சேர்க்க வேண்டும் என்பதைக் கடைப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். இது தெரியாமல் ‘புது போன் வேலை செய்யலை’ என்று என் கடையிலேயே இரண்டு நாள் சும்மா வைத்திருந்தார்கள்.

முடிவாக

நான் இப்போது ஃபைபர் இணைப்பில் ஒரு போனும், விற்பனையாட்களுக்காக ஒரு கிளவுட் எண்ணும் வைத்திருக்கிறேன். மாதாமாதம் செலவு ஆகத்தான் செய்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் மாலையில் தவறிய அழைப்புகளின் பட்டியலைப் பார்த்து நானே ஒவ்வொருவரையும் கூப்பிடுகிறேன். போன முப்பது கணக்குகளில் பன்னிரண்டு திரும்ப வந்தன. மற்றவை வரவில்லை, இனி வரவும் வராது. அந்தத் தம்பி இப்போது நம் சங்கத்தில் உறுப்பினர். என்னைப் பார்த்தால் எழுந்து நின்று வணக்கம் சொல்வார். சென்ற மாதம் அவரே வந்து, “அண்ணாச்சி, என் கடைப் பையனும் அவன் நம்பர்லதான் ஆர்டர் எடுக்கிறான், என்ன செய்யலாம்?” என்று கேட்டார். இந்தக் கட்டுரையில் இருப்பதைத்தான் அவருக்கும் சொன்னேன்.

பெரிய ஆலைகள் வரும், போகும். பெரிய கடைகளும் செயலிகளும் பத்து நிமிடத்தில் கொண்டுவந்து தருகிறோம் என்று வாடிக்கையாளர் வீட்டு வாசலில் நிற்கின்றன. அவர்களிடம் இல்லாத ஒன்று நம்மிடம் உண்டு. கூப்பிட்டால் பெயர் சொல்லிப் பேசும் குரல் அது. அந்தக் குரல் கேட்க வேண்டுமானால் மணி அடிக்கும் இடம் நம் கடையாக இருக்க வேண்டும். இன்று கடை அடைக்கும் முன் பில் புத்தகத்தை எடுத்து, அதில் அச்சடித்திருக்கும் எண் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள்.